இடுப்புப் பந்து

மாயா மக்களின் பந்தாட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு டென்மார்க்கில் இருக்கிற தமிழன் எவனுக்கும் தெரிந்திருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. மழை வந்தால் இன்றும் என் வலது இடுப்பு நோகும். இங்கே வருடத்தில் பாதி மழைதான். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இளமையில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். பந்து விளையாடினேன் என்றேன். உதைபந்தா என்றார். இல்லை, மூவாயிரம் வருடத்துக்கு முந்தின பந்து, இடுப்பால் அடிக்கிறது என்றேன். விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதித் தந்தார்.

எண்பதுகளின் நடுவில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் தள்ளி ஒரு பழைய விடுதியில் அகதிகளாக வந்த எங்களை வைத்திருந்தார்கள். நாற்பது பேர்வரையில் இருந்தோம், பெரும்பாலும் தனியாக வந்த யாழ்ப்பாணத்துப் பொடியள். நான் மட்டும் அண்ணியோடு வந்தவன். அண்ணைக்கும் அண்ணிக்கும் கலியாணம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொழும்பில் ஏஜென்ட் கடைசி நேரத்தில் மூன்று பாஸ்போட்டுக்குப் பதிலாக இரண்டைத்தான் நீட்டினான். "நீ அண்ணியைக் கூட்டிக்கொண்டு முதல் போடா. நான் ரெண்டு கிழமையில வாறன்" என்று அண்ணை எங்கள் இருவரையும் விமானத்தில் ஏற்றிவிட்டார். கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் மாறி, கப்பலேறி வந்து சேர்ந்தோம். வந்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அண்ணி பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தது.

உடனே அண்ணைக்கு எழுதினோம். ஒரேயொரு பதில் வந்தது. ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான், ஊருக்குத் திரும்பிவிட்டேன், வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளை பிறக்க முந்தி எப்படியும் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். அண்ணிக்கு அது மனப்பாடம்.

விடுதிக்குப் பக்கத்தில் ஒரு ஹய்ஸ்கோலே இருந்தது. பரீட்சை, சான்றிதழ் ஒன்றும் இல்லாமல் பெரியவர்கள் ஐந்தாறு மாதம் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். அங்கே உடற்பயிற்சி படிப்பித்தவர் நாற்பது வயதுக்காரர், தாடி, காலில் எப்போதும் மரச்செருப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தரம் கெஞ்சினார். படிப்பிக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் வாய் வராது. மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். இளவயதில் இரண்டு வருடம் மெக்சிக்கோவில் இருந்தவர். அங்கே ஒரு கிராமத்தில் மாயா மக்களின் பழைய பந்தாட்டத்துக்கு உறவான ஆட்டம் ஒன்றை இன்னும் ஆடுகிறார்களாம். அங்கிருந்து ஒரு பந்தும் கொண்டுவந்திருந்தார்.

அந்தச் சனியன் பிடித்த பந்து மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். மரத்துப் பாலைக் காய்ச்சி உருட்டிய கட்டி ரப்பர், உள்ளே காற்றே கிடையாது. கையால் தொடக்கூடாது, காலால் தொடக்கூடாது, இடுப்பால்தான் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர், சுவரின் உச்சியில் நிமிர்த்தி வைத்த கல் வளையம். எங்களுக்குக் கல் வளையம் எங்கே கிடைக்கும்? டிராக்டர் டயர் ஒன்றைத் தொங்கவிட்டார் மாஸ்டர். கோடை விழாவில் ஊர்ச்சனத்துக்கு முன்னால் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலில் தன்னுடைய மாணவர்களைத்தான் சேர்த்தாராம். இரண்டே நாளில் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். எங்களுக்கு ஓட இடமில்லை, அதனால் நாங்கள் அகப்பட்டோம்.

நாங்கள் கரப்பந்து விளையாடி வளர்ந்தவர்கள். பந்து வந்தால் கை தானாக எழும்பும். கை பட்டால் பயிற்சி மண்டபத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்று மாஸ்டர் சட்டம் போட்டார். முதல் வாரம் ஓட்டப் பயிற்சிதான் நடந்தது. ஸ்பொன்ஜையும் பழைய ரியூப்பையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு, நிலத்தில் சரிந்து விழுந்து பந்தைத் தட்டி எழுப்பப் பழகினோம். இது வெறும் விளையாட்டில்லை, அவர்களுக்குப் பந்து புனிதமானது என்று மாஸ்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பந்தில் கால் பட்டுவிட்டால் எங்களில் ஒருவன் குனிந்து பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். புத்தகத்தில் கால் பட்டால் செய்கிற பழக்கம், வேறொன்றும் இல்லை. மாஸ்டருக்குப் புல்லரித்துப்போய்விட்டது. மூவாயிரம் வருடத்து உணர்வு உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டார். நாங்களும் பெரிய மனுசர்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம்.

பின்னேரங்களில் அண்ணியும் வந்து வாங்கில் உட்கார்ந்து பார்ப்பார். நான் விழுந்தெழும்புகிறபோதெல்லாம் அவருக்குச் சிரிப்பு.

"தம்பி, உன்ர அண்ணர் வந்து உனக்குப் பொம்பிளை பாக்க முதல் நீ இடுப்பை முறிச்சுப் போடுவாய் போல கிடக்கு."

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணி. நான்தான் இங்க கப்டன்."

"ஓமோம், கப்டன்! எழும்பி நில்லு பாப்பம்."

மார்ச் மாதத்தில் ஊரிலிருந்து மாமாவின் கடிதம் என் பெயருக்கு வந்தது. கொழும்புக்கு வருகிற வழியில் பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கியிருக்கிறார்கள். அதில் அண்ணையும் ஒருவர். சுட்டுப்போட்டார்கள். உடம்பு கிடைத்தது, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்தது, மார்ச் கடைசி வியாழன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று மாமா எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு கோடு போட்டு ஒரு வரி: பிள்ளை பிறந்து சுகமாக எழும்பும்வரை அவளுக்கு மூச்சும் விடாதே, உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்களுடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் சாவுச் செய்தி சொல்லமாட்டோம். அதிர்ச்சியில் தாயும் போய்விடும், பிள்ளையும் போய்விடும் என்று பயம். அண்ணை விட்டுவிட்டுப் போனது அந்தப் பிள்ளை ஒன்றைத்தான். அதற்கு ஒன்று நடந்தால் நான் எந்த முகத்தோடு ஊரைப் பார்ப்பேன்? கடிதத்தைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். அண்ணியிடம் போய், அண்ணை இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டாராம், இனிக் கொஞ்சக் காலம் கடிதம் வராதாம் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கச்சிதமாக நான் பொய் சொன்னதில்லை.

கூட இருந்த பொடியள் ஒருவனுக்கும் சொல்லவில்லை. ஒரு தமிழனுக்குச் சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் தனியாக வைத்துக்கொண்டிருப்பது? குளிக்கும்போது மட்டும் அழுவேன். இரண்டு கிழமை அப்படியே போனது. அப்போதுதான் மாஸ்டர், பயிற்சி முடிந்து சாமான் அறையில் பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஆடுகளத்துக்குக் கீழேதான் செத்தவர்களின் உலகம் இருப்பதாக அந்த மக்கள் நம்பினார்கள் என்று சொன்னார். பந்து நிலத்தில் விழுகிற சத்தம் கீழே உள்ளவர்களுக்குக் கேட்குமாம். போரில் பிடிபட்டவர்களையும் ஆடவிடுவார்களாம். அவர்கள் தோற்பது முன்னமே தீர்மானித்த விஷயம், தோற்ற பிறகு தலை போய்விடும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணை, பஸ், மாமாவின் கடிதம், அண்ணிக்குச் சொல்லக்கூடாது என்பது. அவரும் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கும் இறந்தவருக்கும் டேனிஷில் என்ன சொல் என்று கேட்டேன். சொல்லித்தந்தார். ஸ்டோரேபுரோ. டோட். இந்த நாட்டில் துக்கத்தை யாரிடமாவது சொல்லத் தெரிய வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அவளுக்குத் தெரியவேண்டாமா, அது அவளுடைய உரிமை அல்லவா என்று ஒரு தரம் கேட்டார். எங்களுடைய வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். "புரிகிறது" என்றார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று கையைப் பிடித்து வாக்குத் தந்தார். வெள்ளைக்காரனுக்குச் சொன்னது கிணற்றுக்குள் போட்ட கல் என்று நினைத்தேன். எங்களுடைய பாஷை தெரியாதவன் எங்களுடைய ஆட்களிடம் எப்படிச் சொல்லுவான்? அன்றிரவு இரண்டு கிழமைக்குப் பிறகு முதன்முறையாக நித்திரை கொண்டேன். அவருக்காகக் கோயில் கட்டியிருப்பேன், அவ்வளவு நன்றி.

ஜூன் மாதம் விழா வந்தது. அண்ணிக்கு எட்டாம் மாதம். ஊரின் பெரிய புல்வெளியில் சாய்வாகப் பலகை அடித்துச் சுவர் எழுப்பி, டயருக்குச் சாம்பல் நிறம் பூசிக் கல்லாக்கியிருந்தோம். தலையில் இறகு வைக்கலாமே என்று விழாக்குழுவில் யாரோ கேட்டதற்கு மாஸ்டர் கோபப்பட்டாராம், மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்கக்கூடாது என்றாராம். அதைக் கேட்டு நாங்கள் பெருமைப்பட்டோம். நகரபிதா வந்தார், பத்திரிகைக்காரர் வந்தார். எங்களுடைய ஆட்களுக்காக அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். கோட் போட்ட மனுசன், கையில் தட்டச்சு செய்த தாள். அண்ணிக்கு முன்வரிசையில் நடுக்கதிரை. பக்கத்தில் எங்கள் விடுதியின் தாதி உட்கார்ந்திருந்தாள். அவளும் பந்து பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பேயன் நான்.

நாங்கள் இடுப்பில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு களத்தின் மறுகோடியில் வரிசையாக நின்றோம். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். மாயா மக்களைப் பற்றி, பந்தைப் பற்றி, எங்களைப் பற்றிப் பேசினார். இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருதரம் நிறுத்துவார், கோட் போட்டவர் தமிழில் வாசிப்பார். அதற்குப் பிறகு மாஸ்டரின் குரல் தணிந்தது. ஸ்டோரேபுரோ என்றது கேட்டது. டோட் என்றது கேட்டது.

இதுவரை அவர் என்றே எழுதிவிட்டேன். இனி அவன்தான்.

டேனிஷ் முடிந்து தமிழ் தொடங்குவதற்கு இடையில் எனக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. ஓடினேன். ஸ்பொன்ஜும் ரியூப்பும் தொடையில் அடிக்க அடிக்க, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி, வாசிக்காதேங்கோ, வாசிக்காதேங்கோ என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த மனுசனுக்கு என்னை யாரென்று தெரியாது. சனம் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று கைதட்டியது. கைதட்டல் அடங்கும்வரை பொறுமையாக நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி அவர் வாசித்தார்:

"இன்றைய ஆட்டத்தை, கடந்த மாசி மாதம் இலங்கையில் சுட்டுக் கொல்லப்பட்ட, இந்த அணித் தலைவரின் தமையனாருக்குச் சமர்ப்பிக்கிறோம். அன்னாரின் துணைவியார் இங்கே எம்மோடு அமர்ந்திருக்கிறார். அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லாரும் எழும்பினார்கள். எல்லாரும் எழும்பியதால் அண்ணியும் எழும்பினார். தாதி அவருடைய கையைப் பிடித்தாள். அண்ணி கையை விடுவித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி புல்லில் நடந்து என்னிடம் வந்தார். சனம் தலை குனிந்து நின்றது.

"உண்மையோ?"

நான் இடுப்பில் கட்டிய ரியூப்பை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"உன்னைத்தான் கேக்கிறன். உண்மையோ?"

"ஓம் அண்ணி."

அவர் அழவில்லை. திரும்பி, வந்த வழியே நடந்து, கதிரைகளையும் தாண்டி விடுதிப் பக்கம் போனார். தாதி பின்னால் ஓடினாள். நிமிடம் முடிந்தது. மாஸ்டர் கண் கலங்கியபடி என்னிடம் வந்து பந்தை நீட்டினான். இரண்டு கையாலும் அதை வாங்கி, இருந்த பலமெல்லாம் சேர்த்து அவனுடைய நெஞ்சுக்கு எறிந்தேன். மல்லாக்க விழுந்தான். சனம் அதற்கும் கைதட்டியது.

உடுப்பு மாற்றுகிற அறைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வாக்குத் தந்தாயே, நாயே!" இதை முதலில் தமிழில் கத்தினேன், பிறகு ஆங்கிலத்தில்.

"அவள் என்னிடம் மூன்று தரம் கேட்டாள்" என்றான். "என் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று என் முகத்தைப் பார்த்து, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. வைத்தியரிடம் கேட்டேன், பிள்ளைக்கு ஆபத்தில்லை என்றார். தனி அறையில் சொன்னால் அவள் தனியாகிவிடுவாள். இத்தனை பேருக்கு நடுவில் என்றால் எல்லோரும் சேர்ந்து தாங்குவோம் என்று நினைத்தேன்."

நல்ல எண்ணம்தான். தாதியைப் பக்கத்தில் இருத்தியதும், முன்வரிசைக் கதிரையும், தட்டச்சுத் தாளும் எல்லாம் நல்ல எண்ணம். கிழமைக்கணக்காகத் திட்டம் போட்டு, தினமும் என்னோடு பந்தும் ஆடிக்கொண்டு, எனக்கு மட்டும் ஒரு சொல் சொல்லாமல் செய்த நல்ல எண்ணம். என் அண்ணையின் சாவை மைக்கில் போட்டுவிட்டான் ஐயா! அறிவிப்பில் நகரபிதாவுக்கு அடுத்தது என் அண்ணை.

அண்ணியின் அறைக்குப் போனேன். பொட்டை அழித்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று, மாஸ்டரைத் திட்டத் தொடங்கினேன். துரோகி, நம்பவைத்துக் கழுத்தறுத்தவன், இவனை நான் சும்மா விடமாட்டேன் என்றேன்.

"வாயை மூடு" என்றார் அண்ணி. அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. "எப்ப தெரியும் உனக்கு?"

"மார்ச்சில அண்ணி. அந்தியேட்டிக்கு முதல்."

"அந்தியேட்டி எண்டைக்கு?"

சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"அண்டைக்குக் கன்ரீனில இறைச்சி உருண்டை போட்டவங்கள். நான் நாலு திண்டன். நீ வயித்துக்குத்து எண்டு போட்டு வெறும் உருளைக்கிழங்கு சாப்பிட்டனி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ விரதம் காத்திருக்கிறாய். எனக்கு முன்னால இருந்துகொண்டு என்னைத் திங்க விட்டிருக்கிறாய். என்ர மனுசன்ர அந்தியேட்டியண்டு."

"பிள்ளைக்காக அண்ணி..."

"பிள்ளைக்காக. நான் பிள்ளை பெறுற மாடோ? மூண்டு மாசமா உன்ர முகத்தைப் பாத்துப் பாத்து, உன்னட்டையும் எத்தனை தரம் கேட்டன்? வள்ளம் எண்டாய். மண்டபம் காம்ப் எண்டாய். மெட்ராஸ் எண்டாய். நான் பூவும் பொட்டுமா வாங்கில இருந்து சிரிக்க, நீ எனக்கு முன்னால பந்தடிச்சாய். அந்த வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் என்னை ஒரு மனுசியா மதிச்சுச் சொன்னவன். போ வெளியில."

போனேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு மாஸ்டரைவிட அண்ணியில்தான் கூடக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் நான் தனியாக விழுங்கிக்கொண்டிருந்தது யாருக்காக? அண்ணையை இழந்தவன் நானும்தானே? எனக்கு ஒருவரும் ஒரு நிமிடம் எழும்பி நிற்கவில்லை.

ஜூலையில் ஹொல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் காலை ஆறு மணிக்கே போய் நடைபாதையில் நின்றேன். அண்ணி கூப்பிடவில்லை. பத்து மணிக்கு மரச்செருப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டர், கையில் தோட்டத்துப் பூ. நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகப் பார்த்தான்.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டார். நான் சொன்னேன்.

"உள்ள வரச்சொல்லு."

அவனுக்குப் பின்னால் நானும் நுழைந்தேன். பிள்ளையின் நெற்றி அப்படியே அண்ணையின் நெற்றி. என்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அண்ணி பிள்ளையைத் தூக்கி, என் கையைத் தாண்டி, மாஸ்டரிடம் கொடுத்தார். அவன் பதறிப்போய், இல்லை, முதலில் சித்தப்பா தூக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அண்ணி என்னைப் பார்த்துத் தமிழில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நீ பிறகு தூக்கலாம். எனக்குரியதை எல்லாம் பிறகு பிறகு எண்டு வைச்சிருந்தனிதானே. உனக்கும் பிறகு."

நான் கையை மடக்கிக்கொண்டேன். மாஸ்டர் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.